கடலுக்கு ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு சுற்று

கொண்டை ஊசி தன் அக்காவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் இரண்டு கம்பி வேலிகளும் நாற்பதடி தரிசும் இருந்தன. அந்தத் தரிசு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்பதால் அதில் மட்டும் செடிகொடிகள் செழிப்பாக வளர்ந்திருந்தன.

கொண்டை ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. முப்பத்தோரு வருஷம் மலைப்பாதையில் அரசுப் பேருந்து ஓட்டி, வளைவுகளில் ஒரு தகரத்தைக்கூட நசுக்காமல் ஓய்வு பெற்றதற்கு ஊர் கொடுத்த பட்டம். அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன் கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அப்போது வழியில் எல்லையும் இருந்தது, அதில் ஒரு கதவும் இருந்தது, கதவு திறந்தும் இருந்தது. பிறகு இரண்டு நாடுகளுக்கும் ஏதோ மனவருத்தம். கதவைச் சாத்திவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, நட்புறவு நாள் என்று அரை நாள், உறவுகள் வேலிக்கு இரு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். தொடக் கூடாது. எதையும் எறியக் கூடாது. அழுவதற்குத் தடையில்லை.

"ஏண்டா இப்படி இளைச்சுப் போயிட்ட? சாப்பிடுறியா இல்லையா?" என்று அக்கா கத்தினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுறேன்க்கா!"

"பொய் சொல்லாத! நாப்பது அடி என்ன, நானூறு அடியிலயும் எனக்குத் தெரியும்!"

அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கி கரகரத்தது. மலைக்கும் கடலுக்கும் இடையிலான சாலை மீண்டும் திறக்கப்படுகிறது, குடிமக்கள் தத்தம் சொந்த வாகனங்களில் பயணம் மேற்கொள்ளலாம், அதற்கென ஓர் இயக்ககம் இன்று முதல் செயல்படும் என்றது. இரு பக்கமும் கை தட்டினார்கள். அக்கா மட்டும் தட்டவில்லை. கை தட்டினால் நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவாள்.

"கேட்டியாடா? ஜீப்பை எடுத்துக்கிட்டு வா! கடலைப் பார்க்காமலே கிழவனாயிட்ட. இனிமே இந்த மேட்டுக்கு என்னால வர முடியாது. முட்டி போச்சு, மூச்சும் பாதி போச்சு. நீதான் வரணும்."

"வர்றேன்க்கா!"

"எப்போ?"

"உடனே!"

அவர் முழு மனதோடுதான் சொன்னார். அரசாங்க வண்டியை முப்பத்தோரு வருஷம் ஓட்டியிருந்தாரே தவிர, அரசாங்க அலுவலகத்துக்குள் அவ்வளவாகப் போனதில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். மகள் பேசுவதற்குள் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை கணினி வேலை செய்பவர். எதையும் சும்மா செய்ய மாட்டார்.

"மாமா, இது சும்மா போற விஷயம் இல்ல. இது ரோட் ட்ரிப்!"

"நானூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர் மாப்பிள்ளை. காலையில கிளம்பினா ராத்திரி சாப்பாட்டுக்கு அக்கா வீடு."

"ஐயோ, அப்படியெல்லாம் போய்ச் சேர்ந்துடக் கூடாது மாமா. இப்போ யாரும் போய்ச் சேர்றதுக்காகப் போறதில்ல. அனுபவம்தான் முக்கியம். அதுக்கு முன்னாடி திட்டம் முக்கியம். திட்டத்துக்கு முன்னாடி ஸ்டிக்கர்."

ஒரு வாரத்துக்குள் ஜீப்பின் முதுகில் மலையும் அலையும் வரைந்த ஸ்டிக்கர் ஏறியது. கூரையில் மடித்து வைக்கும் கூடாரம் ஏறியது. அக்கா வீட்டில் மூன்று அறைகள் இருக்க, கூடாரத்தில் யார் படுப்பது என்று கொண்டை ஊசி கேட்டார். "படுக்க இல்ல மாமா, வண்டிக்கு ஒரு லுக்" என்றார் மாப்பிள்ளை. 'மலை டு கடல்' என்று கைப்பேசியில் குழு ஒன்று தொடங்கி நாற்பத்துமூன்று பேரைச் சேர்த்தார். நாற்பத்துமூன்று பேரும் ஒரே மாதிரித் தொப்பி வாங்கினார்கள். எந்தத் தேதியில் கிளம்புவது என்று ஒருவரும் கேட்கவில்லை; தொப்பியின் நிறத்தைப் பற்றி மட்டும் பதினொரு நாள் பேசினார்கள்.

எல்லை கடந்த சாலைப் பயணத் திட்டமிடல் இயக்ககம் ஊர் எல்லையில், பழைய மரக்கிடங்கில் இயங்கி வந்தது. பெரிய வளாகம். மரக்கட்டைகளைக் காலி செய்துவிட்டுக் கோப்புகளை அடுக்கியிருந்தார்கள். மூன்று ஜன்னல்கள். முதல் இரண்டும் மூன்றாவது ஜன்னலுக்குப் போகச் சொல்வதற்காக. மூன்றாவதில் ஓர் அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, படிவத்தைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பிடித்துப் படித்தார்.

படிவம் முப்பத்தெட்டுப் பக்கம். இயக்ககத்தின் கொள்கை எளிமையானது: திட்டமிடாத பயணம் விபத்துக்குச் சமம், ஆகவே பயணத்தில் நடக்கப்போவது எல்லாம் பயணத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் தேநீர், எத்தனை மிடறு, எந்த வளைவில் காட்சியை ரசிக்க உத்தேசம், எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.

"இருபத்தாறாம் பக்கம்," என்றார் அந்த அம்மா. "கடலை முதன்முதலில் காணுமிடத்து எவ்வளவு நேரம் வியப்படையத் திட்டம்னு கேட்டிருக்கு. பத்து நிமிஷம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா. அறுபத்தெட்டு வயசுல முதல் தடவை பார்க்கப் போறேன்."

"ஏழு நிமிஷம்தான் அனுமதி. அதுக்கு மேல வியப்படையணும்னா தனி விண்ணப்பம்."

"சரி, ஏழுன்னே போடுங்க. பாக்கி மூணு நிமிஷம் வீட்டுக்கு வந்து வியக்கிறேன்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. திருத்தி எழுதி, திருத்தத்துக்கு ஒரு கையெழுத்து வாங்கினார்.

"பயண நோக்கம், அக்காவைப் பார்க்க. இது பட்டியல்ல இல்லையே."

"பட்டியல்ல என்னம்மா இருக்கு?"

"வணிகம், சுற்றுலா, கல்வி, சாகசம்."

"அக்கா இல்லையா?"

"அக்கா, அண்ணன், சித்தப்பா எல்லாம் நட்புறவு நாள்ல வந்துடுவாங்க. அதுக்குத்தான் வேலி போட்டுக் கொடுத்திருக்கோமே. இதுல ஏதாவது ஒண்ணைத் தொடுங்க."

கொண்டை ஊசி யோசித்தார். விற்க ஒன்றுமில்லை, படிக்கும் வயதுமில்லை. சுற்றுலாவுக்கு விடுதி ரசீது கேட்பார்களாம். "சாகசம்னு போட்டுக்குங்க. எங்க அக்காவைத் தெரிஞ்சவங்க யாரும் அதை மறுக்க மாட்டாங்க."

அந்த ஒரு சொல் அவரை இயக்குநர் அறைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

இயக்குநர் நல்லவர். யார் வந்தாலும் எழுந்து நிற்பார், நாற்காலி கொடுப்பார், கதையைக் கேட்டுக் கண்கலங்குவார். விதியை மட்டும் தளர்த்த மாட்டார்.

"சாகசப் பயணத்துக்கு ஒத்திகை கட்டாயம் ஐயா. மொத்த தூரத்தையும் எங்க கண் முன்னாடி ஒரு தடவை ஓட்டிக் காட்டணும்."

"மொத்த தூரமும்னா, எல்லையைத் தாண்டியா சார்?"

"எல்லையைத் தாண்ட அனுமதி வேணுமே. அனுமதிக்கு ஒத்திகை வேணுமே."

"அப்போ எங்க ஓட்டுறது?"

இயக்குநர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். வளாகத்தின் சுற்றளவை முன்தினமே அளந்துவிட்டார்கள். இருநூற்று ஐம்பது மீட்டர். நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு சுற்று. வளாகத்துக்குள் வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். நேரம் பதினொன்றிலிருந்து ஒன்று, இரண்டரையிலிருந்து நான்கு.

கொண்டை ஊசி அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

"செக்குமாடு மாதிரி சுத்தச் சொல்றானுங்களா?"

"ஆமாக்கா."

"சுத்து. சுத்திட்டு வா. ஆனா தினமும் போன் பண்ணி எங்க வந்திருக்கேன்னு சொல்லணும்."

முதல் நாள் இருநூற்றுப் பத்து சுற்று. மூன்றாம் ஜன்னல் அம்மா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு போட்டார். மாப்பிள்ளை தொப்பியோடு வந்து படம் பிடித்தார். "மாமா, கையை வெளிய விடுங்க, காத்து வாங்குற மாதிரி! அப்படியே தூரத்துல பாருங்க!" தூரத்தில் அலுவலகக் கழிவறை இருந்தது. கொண்டை ஊசி அதைப் பார்த்தார்.

இரண்டாம் நாள், இருநூற்று நாற்பத்தெட்டாவது சுற்றில், எல்லை வந்தது. இரண்டு கடைநிலை ஊழியர்கள் குறுக்கே கயிறு பிடித்தார்கள். அடுத்த நாட்டு அதிகாரியாக யார் நடிப்பது என்ற கேள்வி எழ, இயக்குநர் பதிவறைக்காரரை நியமித்தார். பதிவறைக்காரர் இருபத்திரண்டு வருஷமாக ஜன்னலில்லாத அறையில் கோப்புகளோடு இருந்தவர். அவரிடம் யாரும் எதற்கும் கையெழுத்துக் கேட்டதில்லை. "உண்மையா நடிக்கணும்" என்று இயக்குநர் கேட்டுக்கொண்டார்.

பதிவறைக்காரர் உண்மையாகவே நடித்தார். முப்பத்தெட்டுப் பக்கத்தையும் படித்தார். பிறகு நிமிர்ந்து, "உள்ள விட முடியாது" என்றார்.

"ஏன் சார்?" என்றார் கொண்டை ஊசி.

"நோக்கம் சாகசம்னு இருக்கு. எங்க நாட்டுல சாகசத்துக்கு இடமில்ல."

இயக்குநர் ஓடி வந்தார். "யோவ், இது ஒத்திகைய்யா!"

"உங்க நாட்டு அதிகாரிகள் என்னை யோவ்னு கூப்பிடுறதை வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்றார் பதிவறைக்காரர்.

இந்த இடத்தில் வேறொரு அலுவலகமாக இருந்தால் அவரைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டிருப்பார்கள். இது விதிப்படி நடக்கும் அலுவலகம். அடுத்த நாட்டின் முடிவில் தலையிட முடியாது. ஜீப் அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டது. இயக்குநர் அறைக்கும் பதிவறைக்கும் இடையில் பன்னிரண்டடி நடைபாதை. அதன் வழியே பத்தொன்பது நாள் கடிதப் போக்குவரத்து நடந்தது. 'மாண்புமிகு அண்டை நாட்டின் கனிவான பரிசீலனைக்கு' என்று இங்கிருந்து போகும். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். கவலையோடு கவனித்து வருகிறோம்' என்று அங்கிருந்து வரும். கடைசியில் சிற்றுண்டிச் சாலையில், யாருக்கும் சொந்தமில்லாத மேஜை ஒன்றில் பேச்சுவார்த்தை நடந்தது. பதிவறைக்கு ஒரு மின்விசிறி மாட்டித் தருவதென்று உடன்பாடு. கயிறு இறங்கியது.

அந்தப் பத்தொன்பது நாளும் அக்கா மாலையில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கயித்துக்கிட்டதான் நிக்கிறியா?"

"ஆமாக்கா."

"விட மாட்டேங்குற அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆகலையாம்."

"அதான்."

எல்லை தாண்டியதும் ஒரு மாறுதல் ஏற்பட்டது. இதுவரை கொண்டை ஊசிக்குத் தெரிந்த சாலை. இனி அக்காவுக்குத் தெரிந்த சாலை. எண்ணூறாவது சுற்று முடிந்த அன்று அவர் போன் செய்தபோது அக்கா வரைபடம் இல்லாமலே சொன்னாள்.

"இருநூறாவது கிலோமீட்டரா? அப்போ ஆத்துப் பாலம் வந்திருக்கும். மெதுவாப் போ, பாலம் முடியிற இடத்துல ஒரு பள்ளம். இந்தப் பக்கம் இறங்கினதும் இடது கைப் பக்கம் ஒரு பேக்கரி. அதோட முதலாளி யாருக்கும் சில்லறை தர மாட்டான், முகத்தை மட்டும் நல்லா வச்சுக்குவான்."

மறுநாள் கொண்டை ஊசி அலுவலகக் கழிவறையைத் தாண்டும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தார். மூன்றாம் ஜன்னல் அம்மா காரணம் கேட்டார். "பள்ளம்மா" என்றார். அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, குறிப்புப் பகுதியில் 'பள்ளம்' என்று எழுதிக்கொண்டார்.

ஆயிரத்து நூறில் உப்பளம் வந்தது. ஆயிரத்து நானூறில் காற்றில் ஈரம் வந்துவிடும் என்றாள் அக்கா; சட்டை உடம்பில் ஒட்டுமாம். மலைக்காற்றிலும் அவருக்கு ஒட்டியது. அக்காவின் பேச்சுக்கு நடுவே மூச்சு இழுக்கும் சத்தம் நாளுக்கு நாள் அதிகமாகிக்கொண்டு வந்தது. அவள் ஒரு வளைவைச் சொல்லிவிட்டு அடுத்த வளைவுக்கு முன் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்வாள்.

வண்டி ஓடிய ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு ஆயிரத்து அறுநூற்று நாற்பது சுற்று முடிந்திருந்தது. இன்னும் எட்டு. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம்.

மூன்றாம் ஜன்னல் அம்மா பேனாவை மூடினார்.

"எட்டு நிமிஷம்மா. எட்டே நிமிஷம்."

"நாலு மணி ஆயிடுச்சு ஐயா. சனி, ஞாயிறு லீவு. திங்கக்கிழமை வாங்க."

அன்று அவர் போன் செய்தபோது தையல்காரர் எடுத்து அக்காவின் காதில் வைத்தார்.

"எங்கடா வந்திருக்க?"

"ரெண்டு கிலோமீட்டர்தான்க்கா பாக்கி."

"அப்போ கடைத்தெருவுக்கு வந்துட்ட." ஒரு மூச்சு. "அங்கேயே நில்லு. எங்கயும் போயிடாத. வாசல் லைட்டைப் போடச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் தையல்காரர் கூப்பிட்டார். அக்காவைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வரைக்கும் வைத்திருப்போம், அதற்குள் வந்துவிடுங்கள் என்றார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கொண்டை ஊசி ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் மாற்றுச் சட்டை இரண்டு. எட்டு சுற்றையும் எட்டு நிமிஷத்தில் முடித்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு பன்னிரண்டுக்குக் கிளம்பினால், இரவில் அக்காவின் முகத்தைப் பார்த்துவிடலாம்.

ஆனால் சுற்று முடியும் இடத்தில் இயக்குநர் மாலையோடு நின்றார். பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீரில் நான்கு பொட்டலம் உப்பு கரைத்திருந்தார்கள்.

"கடல்" என்றார் இயக்குநர். "காலை நனைச்சுக்குங்க ஐயா. ஏழு நிமிஷம்."

"சார், எங்க அக்கா போயிட்டாங்க. நான் உடனே கிளம்பணும்."

இயக்குநர் உண்மையாகவே கண்கலங்கினார். தன் கைக்குட்டையைக் கொடுத்தார். "ரொம்ப வருத்தமா இருக்குங்க ஐயா. ஏழு நிமிஷத்தை அஞ்சாக் குறைக்கச் சொல்றேன்."

ஐந்து நிமிஷம் கொண்டை ஊசி தொட்டிக்குள் நின்றார். மாப்பிள்ளை படம் பிடிப்பதை நிறுத்தியிருந்தார், தொப்பியையும் கழற்றியிருந்தார். ஆனால் குழுவின் நாற்பத்துமூன்று பேரும் தொப்பியோடு சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொண்டை ஊசி ஈரக்காலோடு மூன்றாம் ஜன்னலுக்கு ஓடினார்.

"அனுமதிச் சீட்டும்மா. சீக்கிரம்."

அந்த அம்மா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "அது முடிஞ்சுபோச்சே ஐயா. இதோ பாருங்க. புறப்பட்டது, எல்லை தாண்டியது, கடல் சேர்ந்தது. எல்லாம் ஏறிடுச்சு."

"அது ஒத்திகைம்மா!"

"ஒத்திகைக்குத் தனிப் பதிவேடு இன்னும் அச்சாகி வரலை. இருக்கிற பதிவேட்டுலதான் எழுதினோம். ஒருத்தருக்கு வருஷத்துக்கு ஒரு பயணம். நீங்கதான் போய்ச் சேர்ந்துட்டீங்களே."

"நான் இங்க உங்க எதிர்ல நிக்கிறேனே!"

அந்த அம்மா கண்ணாடியை முதன்முறையாக மூக்கில் மாட்டி அவரைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். எதை நம்புவது என்பதில் அவருக்குச் சந்தேகம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

இயக்குநரும் கையை விரித்தார். பதிவேட்டில் ஒரு வரியை அடிக்க அடுத்த நாட்டின் சம்மதம் வேண்டும் என்றார். பதிவறைக்காரர் அன்று விடுப்பு. கொண்டை ஊசி ஜீப்பை எடுத்துக்கொண்டு நேராக எல்லைக்கே போனார், அறுபத்திரண்டு கிலோமீட்டர். அங்கிருந்த காவலர் பட்டியலைப் பார்த்து, "இந்தப் பேர்ல ஒருத்தர் ஏற்கெனவே தாண்டிப் போயிட்டார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவை எடுத்தார்கள். தையல்காரர் போனில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைத்தெரு திரும்பும் இடத்தில் அழுகை வந்து அவரால் பேச முடியாமல் போயிற்று.

ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் வந்தது. ஆறு இரவு தங்க அனுமதி பெற்று வெளிநாடு சென்றவர் இன்னும் திரும்பாதது ஏன் என்று குடும்பத்தார் விளக்க வேண்டும். மகள் நோட்டீஸை அப்பாவிடமே கொடுத்தாள். ஓய்வூதிய அலுவலகமும் உயிர்ச் சான்றிதழை வாங்க மறுத்தது. உயிரோடு இருப்பது குறித்து ஆட்சேபணை இல்லை, நாட்டில் இருப்பதுதான் சிக்கல்.

ஆகவே கொண்டை ஊசி திரும்பி வந்தார். எதிர்ப்பக்கமாக, ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு சுற்று. இந்த முறை பதிவறைக்காரர் எதுவும் பேசாமல் கயிற்றைத் தானே இறக்கிவிட்டார். மாலையில் போன் செய்ய யாருமில்லை. பாலத்தின் அருகில் மட்டும் வேகத்தைக் குறைத்தார்.

மாப்பிள்ளையின் படத்தை ஊரே பார்த்தது. முதல் எல்லை கடந்த சாலைப் பயணம் வெற்றி என்று இயக்ககம் அறிக்கை விட்டது. குழுவின் நாற்பத்துமூன்று பேருக்கும் அப்போதுதான் ஒன்று புரிந்தது: தொப்பி, ஸ்டிக்கர், கூடாரம், கடல், எல்லாம் கிடைக்கிறது, மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கும் வந்துவிடலாம். வரிசை கட்டினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். வளாகத்துக்குத் தார் போட்டார்கள். தொட்டியைப் பெரிதாக்கினார்கள், அலை எழுப்ப மோட்டார் வைத்தார்கள். பதிவறைக்காரருக்குச் சீருடை தைத்தார்கள். கடற்கரை நாடும் சும்மா இருக்கவில்லை. அங்கே ஒரு மைதானத்தில் பனிக்கட்டிக் குவியலைச் சுற்றி மலையேற்றம் நடப்பதாகத் தையல்காரர் சொன்னார். உண்மையான எல்லைக்கு யாரும் வராததால், அங்கிருந்த காவலர்களை ஆள் பற்றாக்குறையாக இருந்த வளாகத்துக்கு மாற்றிவிட்டு, கதவைப் பூட்டிவிட்டார்கள்.

இயக்ககம் கொண்டை ஊசியைக் கௌரவ வழிகாட்டியாக நியமித்தது. அந்தச் சாலையில் பயணம் செய்த அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தானே. அவர் மறுக்கவில்லை. வண்டிகளில் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இங்கே ஆற்றுப் பாலம், இது பேக்கரி, இங்கே உப்பளம் என்று சொல்லிக்கொண்டு வருவார். பள்ளத்தில் வேகத்தைக் குறைக்காதவர்களை விட மாட்டார். போன வாரம் ஒரு புதுமணத் தம்பதியை அதற்காக முதல் சுற்றிலிருந்து மறுபடி தொடங்க வைத்தார்.

"எங்கய்யா இருக்கு பள்ளம்? ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு!" என்றான் மாப்பிள்ளைப் பையன்.

"பாலம் முடியிற இடத்துல இருக்கு. முதல்லேர்ந்து வாங்க."

"நீங்க நிஜமாவே அங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"பதிவேட்டுல இருக்கேம்மா" என்றார் கொண்டை ஊசி.

இதுவரை அந்த வளாகத்தில் எல்லையைத் தாண்டியவர்கள் பதினோராயிரத்துச் சொச்சம் பேர். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் பதினைந்து கிலோமீட்டர் வரைக்கும் சாலையில் புல் முளைத்திருக்கிறது.